தைப்பிங் மீனாட்சியின் கடைசிக் கடிதம்

அத்தியாயம் 16

தைப்பிங் மீனாட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டு இன்றைக்கு வந்து உட்காருகிறவர்களும் உண்டே, அவர்களுக்காக ஒரு வார்த்தை. மீனாட்சி என்று தைப்பிங்கில் யாரும் கிடையாது. அவள் இருப்பது பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில், ஏழாவது மாடியில். உண்மைப் பெயர் பிலோமினா. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் லாரன்ஸின் மனைவி. ஃபார்ம் ஃபோர் படிக்கும் ரெஜினாவின் தாய்.

ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் பத்து மாதமாக அவள் கடிதம் எழுதுகிறாள். ஒன்பதாயிரம் வெள்ளிக் கடனிலிருந்து ஒரு குடும்பம் எப்படி மெல்ல மெல்ல மீண்டு வருகிறது என்பதுதான் விஷயம். சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டித் தேய்ப்பதைப் பற்றி எழுதினாள். வட்டிக்காரன் ஆலோங் கதவைத் தட்டும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது என்று எழுதினாள். ஜொகூர் முதல் பெர்லிஸ் வரை வாசகர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே எடுத்துக்கொண்டார்கள். கடிதம் போட்டார்கள், ஜெபம் செய்தார்கள், கோயிலில் அர்ச்சனை செய்து திருநீறு அனுப்பினார்கள்.

அவள் எழுதியதில் முக்கால்வாசி உண்மைதான். பொய் ஒன்றே ஒன்று. நாலு நம்பர் லாட்டரி வாங்கி வாங்கிக் குடும்பத்தைக் கடனில் தள்ளியவர் தன் கணவர் என்று எழுதியிருந்தாள். தள்ளியவள் அவளேதான்.

அவள் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபது பேரை வைத்துக் கூட்டு நடத்தினாள். ஆளுக்கு மாதம் ஐம்பது வெள்ளி போடுவார்கள், மாதம் ஒருத்தி ஆயிரத்தை எடுத்துக்கொள்வாள். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், ரோட்டில் மோதிய காரின் பிளேட்டைப் பார்த்தால் ஒரு நம்பர் என்று அந்தக் கூட்டுக் காசிலிருந்து எடுத்து நம்பர் கடையில் கொட்டினாள். குறைந்ததை ஆலோங்கிடம் வாங்கிப் போட்டு மூடினாள். விஷயம் லாரன்ஸ் காதுக்கு வந்தபோது வட்டியும் முதலுமாக ஒன்பதாயிரம் நின்றது. அந்த மனிதர் ஒரு வார்த்தை ஏசவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி வேன் ஓட்டினார். மூன்று வருடத்தில் அத்தனையையும் கட்டி முடித்தார்.

அப்படிப்பட்டவரைப் பற்றி இப்படி எழுத அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? லாரன்ஸ் மிஷன் ஸ்கூலில் இங்கிலீஷ் படித்தவர், தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. மகள் கான்வென்ட். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிலோமினா மட்டுமே அந்த வீட்டில் தமிழ் படிப்பவள். முதல் கடிதத்தில் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது, மாற்றி எழுதினாள். அடுத்த வாரம் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் நாற்பது பேர் அவளுக்காக அழுது கடிதம் போட்டிருந்தார்கள், அதற்குப் பிறகு எங்கே திருத்துவது?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். அன்று ரெஜினாவின் பள்ளியில் பரிசளிப்பு விழா.

காலையிலேயே லாரன்ஸ் சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு மணிக்குத்தானே? இன்னிக்கு அரை நாள். பன்னிரண்டரைக்கெல்லாம் வந்துருவேன் லா.”

ரெஜினா ரொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கார்டு ஒண்ணுதான் குடுத்தாங்க. மம்மி மட்டும் வரட்டும்.”

“ஒண்ணுதானா?”

“ஹால் சின்னது.”

லாரன்ஸ் பிளக்கைப் பிடுங்கினார். பாதி இஸ்திரியோடு இருந்த சட்டையை ஹேங்கரில் மாட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டார். “அப்ப சரி. மம்மி வந்து சொல்லுவாங்க, நான் கேட்டுக்குறேன்.”

மூன்று மாதமாகவே மகள் இப்படித்தான். அப்பா ஹாலுக்கு வந்தால் அவள் அறைக்குப் போய்விடுவாள். அவர் வாங்கி வரும் பலகாரத்தைத் தொடமாட்டாள். பதினாறு வயதில் பெண் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும் என்று பிலோமினா தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குக் கிளம்பும்போது லாரன்ஸ் வழக்கம்போலக் கையை நீட்டினார். சனிக்கிழமை தோறும் கடிதத்தைத் தபாலில் போடுவது அவர் வேலை.

“எங்க உன் லெட்டர்?”

“எழுதிட்டேங்க, இன்னொரு தடவை படிச்சுப் பாத்துட்டுத் தாறேன். இதான் கடைசி லெட்டர். கடன் தீந்துருச்சே, இனிமே என்னா எழுதறது?”

“கடைசியா?” அவர் சிரித்தார். “ஒன் ஃபேன் எல்லாம் அழுதுருவாங்களே பிலோ.”

அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். லிஃப்ட் கெட்டு ஒரு வாரமாகிறது.

ரெஜினா குளிக்கப் போனதும் பிலோமினா முந்தின நாள் பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தாள். ஆசிரியர் கனகசுந்தரம் எழுதியிருந்தார். கடைசிக் கடிதம் செவ்வாய்க்குள் கோலாலம்பூர் வந்து சேர வேண்டும், அதை இரண்டு பக்கத்துக்குப் போடப் போகிறோம், வாசகர் கடிதங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

‘மீனாட்சி அக்கா, நீங்கள் தெய்வம். அந்த மனிதன் உங்கள் காலைக் கழுவிக் குடிக்க வேண்டும்.’ இது சித்தியவானிலிருந்து யோகலட்சுமி.

‘இனிமேல் சம்பளத்தை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டை விட்டுத் துரத்துங்கள்.’ இது பேர் போடாத ஒரு வாசகர்.

குளுவாங்கிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனுசாமி என்பவர், மனைவி சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். எங்களுக்கும் கடன் உண்டு அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் மாதம் பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கிறோம், உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐந்து வெள்ளிக்கு ஒரு போஸ்டல் ஆர்டர் இருந்தது.

பிலோமினா அதைத் திரும்ப உறைக்குள்ளேயே வைத்தாள். திருடுகிறவளுக்குக்கூட இவ்வளவு கூசாது. சாமான் தொலைந்தது என்று பறிகொடுத்தவனுக்குத் தெரியும். இவர்களோ கொடுத்துவிட்டு அவளுக்கு நன்றியும் சொல்கிறார்களே!

கடிதங்களைக் கட்டி வைக்க நூல் வேண்டியிருந்தது. மகள் அறையில் தையல் பெட்டி இருக்கும். மேசை டிராயரை இழுத்தவளுக்கு முதலில் கிடைத்தது விழா அழைப்பு அட்டை. மகள் நேற்றே கொடுத்த அட்டை சமையலறையில் அல்லவா இருக்கிறது?

அப்படியானால் இரண்டு கொடுத்திருக்கிறார்கள்.

அட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு, டைப் அடித்தது. பிலோமினா இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ரெஜினா லாரன்ஸ் என்றிருந்தது. என்ன பாடத்துக்குப் பரிசு என்று மகள் சொல்லவேயில்லை, கணக்காகத்தான் இருக்கும் என்று இவள் எண்ணியிருந்தாள். சீட்டில் கடைசியாக இருந்த வார்த்தையை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள்.

தமிழ்.

ரெஜினாவுக்குப் பரிசு வாங்கும் அளவுக்குத் தமிழ் படிக்க வருமா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு சும்மா சர்ட்டிஃபிகேட்டுக்கு என்றல்லவா நினைத்திருந்தாள்?

ஈரத் தலையோடு ரெஜினா வாசலில் நின்றாள். அம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

“ஏன் பொய் சொன்ன ரெஜி? டாடி சட்டையெல்லாம் தேச்சு வச்சிட்டு...”

“அவர் வரக்கூடாது.”

“அவர்னு சொல்றது யாரை? ஒன் அப்பா.”

“தெரியும் மம்மி. எல்லாம் தெரியும்.” ரெஜினா கதவைச் சாத்தினாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். “மீனாட்சி யாருன்னும் தெரியும்.”

பிலோமினா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“தமிழ் கிளாஸ்ல திருநாவுக்கரசு சார் ஒங்க லெட்டரை ரீடிங்குக்குக் குடுத்தாரு. ஏப்ரல்ல. அந்தம்மா தமிழ் சிம்பிளா இருக்கும், ஆளுக்கு ஒரு பாரா சத்தமா படிங்கன்னாரு. எனக்கு வந்த பாரா என்னா தெரியுமா? யூனிஃபார்ம் மடிப்பை அவுத்து இறக்கினா ஒரு கோடு தெரியுமே, அதை நீல மை தொட்டு மறைக்கிற பாரா. நான் அந்த யூனிஃபார்மைத்தான் போட்டிருந்தேன் மம்மி.”

“ரெஜி...”

“கிளாஸே அந்தப் புருஷனைத் திட்டிச்சு. சார்கூட ஏசினாரு. நான் வாயைத் தொறக்கல. அன்னிலேர்ந்து அவர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வெறுப்பா வருது. சண்டே எல்லாம் பூசைக்கு வராம வேன் ஓட்டறேன், வேன் ஓட்டறேன்னு சொல்றாரே, அது வேனா, நம்பர் கடையா? யாருக்குத் தெரியும்?”

ரெஜினா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் கட்டிக்கொண்டதற்குப் பிறகு இப்போதுதான்.

“எப்படி மம்மி பொறுத்துக்கிட்டீங்க? ஒரு நாள்கூட அவரை ஒண்ணும் சொல்லலியே. நீங்க செயிண்ட் லா.”

இதுதான் நேரம். நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிலோமினாவின் வாய் திறந்தது. ஆனால் மகளின் ஈரத் தலை தோளில் சாய்ந்திருந்தது, கை கழுத்தைச் சுற்றியிருந்தது. சொன்ன அடுத்த நிமிடம் அந்தக் கை போய்விடும்.

“அதெல்லாம் முடிஞ்சு போச்சு,” என்றாள். “டாடி பாவம்டி.”

“பாருங்க, இப்பவும் பாவம்கறீங்க. லெட்டர்லயும் அப்படித்தான் எழுதினீங்க. மாமியார் கேட்டப்ப, பழியை எம்மேல போட்டுக்கிட்டேன்னு.”

அப்படியும் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அதற்குத்தான் அதிகம் பேர் அழுதிருந்தார்கள்.

அவள் மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூன்று வருடம் நம்பர் வாங்கியபோதுகூட அவள் தன்னை இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. கையில் வந்த அன்பைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், அது கணவனுடையது என்று தெரிந்தே வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு லாரன்ஸ் வந்தார். கையில் மீ கோரேங் மூன்று பொட்டலம், அக்குளில் அந்த வாரத்துப் பத்திரிகை. பினாங்கு ரோட்டு ஐந்தடிப் பாதையில் கடை போட்டிருக்கும் ஹனீபாவிடம் வாராவாரம் அவர்தான் வாங்கி வருவார்.

“சூடா இருக்கு, சாப்பிடுங்க. பரிசு வாங்கப் போற புள்ள பசியோட போகக்கூடாது.”

ரெஜினா பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். பள்ளிச் சீருடையில், ரிப்பன் கட்டி, தயாராக நின்றிருந்தாள்.

“டாடி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“ரெஜி, வேணாம்,” என்றாள் பிலோமினா.

“நம்பர் வாங்கி ஒன்பதாயிரம் வெள்ளியத் தொலைச்சது நீங்கதானா?”

லாரன்ஸ் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மனைவியை ஒரு தடவை பார்த்தார். யார் சொன்னது, எந்த நம்பர், என்ன பேசுகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை.

“ஆமாம் லா,” என்றார். “நாந்தான்.”

ரெஜினாவின் கண் நிரம்பியது. அவர் இல்லையென்று மறுப்பார் என்று ஒரு மூலையில் ஆசைப்பட்டிருப்பாள் போல. “சொல்றதுக்கு வெக்கமா இல்லியா டாடி?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள்.

லாரன்ஸ் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிலோமினா பின்னாலேயே போனாள்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒங்களுக்கு... தெரியுமா?”

“ஹனீபா பாய் படிச்சுக் காட்டினாரு. கிறிஸ்மஸுக்கு முந்தியே.”

“தெரிஞ்சுமா வாராவாரம் கொண்டு போய்ப் போட்டீங்க?”

லாரன்ஸ் தட்டு எடுத்து வைத்தார். மூன்று தட்டு.

“மொத வாரம் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு பிலோ. படகுத்துறையில போய் உக்காந்துகிட்டேன். ஆனா பாத்தேன், நீ எழுத ஆரம்பிச்சதிலேர்ந்து நம்பர் கடைப் பக்கம் போகல. கனாவுக்கு நம்பர் பாக்குற புஸ்தகத்தைத் தொடல. கடனைக் கட்டிடலாம், நீ மறுபடி போயிட்டா என்னா செய்வேன்? எழுதினா எழுதிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“ரெஜி மூணு மாசமா ஒங்களோட பேசல. அதுக்குக் காரணம் இதுதான்.”

அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, “பரவால்ல,” என்றார். “இவ்வளவு கட்டியாச்சு, இதையும் நானே கட்டிடுறேன். ஒன்னை அவ மட்டமா நெனச்சா வீடு வீடா இருக்காது. விட்டுரு.”

அவர் நல்லவராக இருக்க இருக்க பிலோமினாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

அவள் நேராக மகள் அறைக்குப் போனாள்.

“டாடி சொன்னது பொய். நம்பர் வாங்கினது நான். கூட்டுக் காசை எடுத்தது நான். அவர் கட்டினாரு, அவ்வளவுதான்.”

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“மம்மி, ப்ளீஸ். மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.”

“சத்தியமா சொல்றேன்டி.”

“மாமியார்கிட்டயும் சத்தியம் பண்ணேன்னு எழுதினீங்களே. பதினெட்டாவது லெட்டர். நான் எல்லாத்தையும் கட் பண்ணி வச்சிருக்கேன். இன்னும் எத்தனை நாளைக்கு அவருக்காகப் பொய் சொல்லுவீங்க?”

பத்து மாதம் உட்கார்ந்து பிலோமினா அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள்! இப்போது வாயால் உண்மையைச் சொன்னால், பெற்ற மகளே மீனாட்சியைத்தான் நம்புகிறாள்.

மணி ஒன்றேகால். இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் மூன்று மணிக்குப் போய்ச் சேரலாம்.

அவள் ஹாலுக்கு வந்தாள். வாசகர்களுக்கு நன்றி சொல்லி எழுதி வைத்திருந்த கடைசிக் கடிதத்தை மேசையில் ஓரமாகத் தள்ளினாள். புதுத் தாள் எடுத்தாள். வழக்கமாக ஒரு கடிதத்துக்கு அவளுக்கு மூன்று நாள் பிடிக்கும், அடித்து அடித்துத் திருத்துவாள். இன்று ஓர் இடத்திலும் பேனா நிற்கவில்லை. லாரன்ஸ் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா எழுதுற பிலோ? வேணாம்மா. கூட்டுல இருந்த பொம்பளைங்க எல்லாம் இதே பிளாக்தான். கோயில்ல எப்படித் தலை நிமிந்து நிப்ப?”

“நீங்க ஹனீபா பாய் முன்னாடி இத்தனை நாளா நின்னீங்களே.”

எழுதி முடித்து மகளைக் கூப்பிட்டாள். தாளை நீட்டினாள்.

“இதுதான் செவ்வாக்கெழமைக்குள்ள பத்திரிகைக்குப் போகப் போவுது. படி. சத்தமா படி.”

“மம்மி, டைம் ஆவுது.”

“ரெண்டு பக்கம்தான். படி.”

ரெஜினா படிக்க ஆரம்பித்தாள். அச்செழுத்து அவளுக்குச் சரளமாக வரும், கையெழுத்து கொஞ்சம் தடுமாறியது.

“அன்பு வாசகர்களுக்கு. என் பெயர் மீனாட்சி இல்லை. பிலோமினா லாரன்ஸ். ஊர் பினாங்கு. நம்பர் வாங்கியவள் நான். இருபது பெண்கள் என்னை நம்பிக் கொடுத்த காசை எடுத்தவள் நான். என் கணவர் ஒரு நாளும் நம்பர் கடை வாசலை மிதித்ததில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த ஏச்செல்லாம் எனக்குச் சேர வேண்டியவை. குளுவாங் முனுசாமி ஐயா அனுப்பிய ஐந்து வெள்ளியைத் திருப்பி அனுப்புகிறேன்.” அவள் நிறுத்தினாள். “மம்மி, இதையும் நீங்க அவருக்காகத்தான்...”

“அடுத்த பாரா.”

“என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு...” ரெஜினாவின் குரல் தணிந்தது. “புதுநன்மைக்கு அவள் ஞானத்தாய் போட்ட தங்கச் சங்கிலியை நான் அடகுக் கடையில் வைத்தேன். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் குளித்தபோது அவள்தான் தொலைத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் நம்பினாள். அன்று என் கணவர் அவளைப் பெல்ட்டால் அடித்தார். நான் தடுக்கவில்லை.”

லாரன்ஸ் சமையலறை வாசலிலிருந்து மேசைப் பக்கம் வந்தார். நம்பர் தெரியும், ஆலோங் தெரியும், இது அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் அவர் மகள்மேல் கை வைத்தது அந்த ஒரே நாள்தான்.

ரெஜினா படிப்பதை நிறுத்தவில்லை. இப்போது எழுத்தெழுத்தாக வந்தது.

“தொலைந்த சங்கிலி கிடைக்க வேண்டும் என்று அவள் கோடி அற்புதர் அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நவநாள் இருந்தாள். பதின்மூன்று வாரமும் நான் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு...”

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அந்தப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமையைப் பற்றி மீனாட்சி எந்த வாரமும் எழுதியதில்லை. அது இந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்தது.

பிலோமினா காத்திருந்தாள். திட்டுவாள், அழுவாள், ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தாள்.

ரெஜினா தாளை மேசைமேல் வைத்தாள். அறைக்குப் போனாள். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது அட்டையோடு திரும்பி வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

“டாடி, சட்டைய மாத்திக்குங்க. ரெண்டு மணி ஆவப் போவுது.”

“ரெஜிக்கண்ணு,” என்றார் லாரன்ஸ். “அன்னிக்கு அந்த பெல்ட்டு...”

“சட்டைய மாத்திக்குங்க டாடி.”

அவர் பாதி இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் மடமடவென்றும் மறுபக்கம் கசங்கியும் இருந்தது. காலரை ரெஜினாதான் திருப்பிவிட்டாள். சமையலறையில் இருந்த முதல் அட்டையை எடுத்து வரலாமா என்று பிலோமினாவுக்கு ஒரு கணம் தோன்றியது. யாரும் கூப்பிடவில்லை, அவளும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது ரெஜினா அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள்.

“அது... பத்திரிகைக்குப் போகணும் ரெஜி,” என்றாள் பிலோமினா. “செவ்வாக்கெழமைக்குள்ள.”

“இது என்கிட்ட இருக்கட்டும்.”

“என்னா பண்ணப் போற அதை?”

ரெஜினா வாசலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “தெரியல. நீங்க வேற ஒண்ணு எழுதிக்குங்க மம்மி. ஒங்களுக்கு எழுத வரும்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் மிச்சச் சில்லறை கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டு பேரும் படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் குறைந்துகொண்டே போனது. மேசைமேல் நன்றிக் கடிதம் அப்படியே இருந்தது. அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை, உறைக்குள் போட்டால் போதும். பிலோமினா அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, கிழிக்கவில்லை.

வராந்தாவுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். அவர்கள் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். லாரன்ஸ் மகளின் பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு நின்றார், திரும்பி ஏழாவது மாடியைப் பார்த்தார், வேலைக்குப் போகும்போது தினமும் காட்டுவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். பிலோமினாவும் கையைத் தூக்கினாள்.

ரெஜினா மேலே பார்க்கவில்லை. தூக்கியிருந்த அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அந்தக் கையை விடாமலே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.